கூடலேகை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு சொல் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறது. "கூடலேகை" என்பது அந்தச் சொல். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஏதோ நான்மாடக் கூடலைச் சேர்ந்த சமாசாரம் போலத் தோன்றும். மதுரைக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது. கூடலேகை என்றால் கள்ளப் பத்திரம், பொய் ஓலை.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டில் ஒரு முறையும் 921-இல் ஒரு முறையும் இந்த ஊர் மகாசபை கூடித் தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதியை எழுதிக் கல்லில் வெட்டி வைத்தது. யார் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்று அதில் ஒரு நீண்ட பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் கூடாது. அவனுடைய உறவினர்களும் கூடாது. கழுதை ஏறியவன் கூடாது. (தண்டனையாக ஏற்றி விடப்பட்டவன் என்று அர்த்தம், பிரியப்பட்டு ஏறியவனைச் சபை ஒன்றும் செய்திருக்காது.) அந்தக் கழுதைக்காரனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறான் கூடலேகை செய்தவன்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் இந்தச் சுவரைக் காட்டும்போது தேர்தலைப் பற்றித்தான் பெருமையாகப் பேசுவோம். கள்ள ஓலைக்காரனை யாரும் கவனிப்பதில்லை. எனக்கு அவன் ஞாபகம் வந்ததற்குக் காரணம், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பழைய கர்ணம்.

1980-ஆம் ஆண்டு பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகளை அரசாங்கம் ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தபோது அவர் வாலிபர். பதவி போயிற்றே தவிரக் கணக்குப் புத்தி போகவில்லை. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முகர்ந்து பார்த்து, பிறகுதான் படிப்பார். சென்ற ஆனி மாதம் பேத்தியின் கல்லூரி உதவித்தொகைக்காக வாங்கிய வருமானச் சான்றிதழுடன் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

"தம்பி, இதுல முத்திரை எங்கே?"

"முத்திரை வேண்டியதில்லை ஐயா. டிஜிட்டல் கையெழுத்து."

"கையெழுத்துங்கறே, மை எங்கே?"

மை இல்லாத கையெழுத்தைக் கர்ணத்துக்கு விளக்குவது லேசான காரியமல்ல. எனக்குத் தெரிந்த வரையில் சொன்னேன். சான்றிதழில் உள்ள எழுத்துக்களையெல்லாம் ஒரு கணக்குக்கு உட்படுத்திச் சுருக்கமாக ஓர் எண் எடுக்கிறார்கள். அதிகாரியிடம் விரல் நீளத்தில் ஒரு துண்டு இருக்கிறது, டோங்கிள் என்பார்கள். அதற்குள் ஒரு ரகசியச் சாவி. அதுவும் எழுதி வைக்கிற ஒரு பெரிய எண்தான். துண்டைக் கணிப்பொறியில் செருகி, இன்னொரு ரகசிய எண்ணைத் தட்டினால், அந்தச் சாவி சுருக்க எண்ணைப் பூட்டிக் கொடுக்கும். அதற்கு ஜோடியான பொதுச் சாவி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். அதைப் போட்டுத் திறந்து, கணக்கு ஒத்துப் போனால் கையெழுத்து நிஜம். சான்றிதழில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு உதைக்கும்.

கர்ணம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு நேராக ஆணிவேரைப் பிடித்தார்.

"சரி. அந்தப் பொதுச் சாவி இந்த அதிகாரியோடதுதான்னு யார் சொல்றது?"

"அதற்கு ஒரு சான்றிதழ் இருக்கிறது. கொடுப்பதற்கென்று லைசென்ஸ் பெற்ற நிறுவனங்கள் உண்டு."

"அவங்க யோக்கியதைக்கு?"

"அவர்களுக்கு மேலே டில்லியில் ஒரு கட்டுப்பாட்டாளர். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி நியமிக்கப்படுகிறவர்."

"அவருக்கு மேலே?"

"அவருக்கு மேலே யாரும் இல்லை ஐயா. தமக்குத் தாமே சான்றிதழ் எழுதிக்கொள்வார்."

"சுயம்புன்னு சொல்லு" என்றார் கர்ணம்.

இந்தத் துறையில் உழல்கிற நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வேர்ச் சான்றிதழ் சுயம்புதான். அதன் கீழே கிளைகள். கிளைகளின் கீழே இலைகள். நாம் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும் கடிதம் படிக்கும்போதும் பல உலாவிகளின் மேல்முனையில் காணும் சிறு பூட்டு அப்படிப்பட்ட ஓர் இலை. "இது கூகிளின் வீடுதான், இது உன் வங்கியின் வாசல்தான்" என்று அந்தப் பூட்டு சொல்கிறது. நம்பத் தகுந்த சுயம்புகள் யார் யார் என்ற பட்டியலை உலாவியோ கணிப்பொறியோ தன் மடியில் வைத்திருக்கிறது. தாசில்தாரின் கையெழுத்தும் இணையதளத்தின் பூட்டும் வேறு வேறு காரியங்களுக்கு ஏற்பட்டவை, கணக்கு ஒன்றுதான்.

இந்த மரத்தில் நம் நாட்டுக் கிளை ஒன்று 2014-ஆம் ஆண்டு முறிந்தது. தேசியத் தகவலியல் மையம் மத்திய அரசாங்கத்தின் கணிப்பொறி நிறுவனம். டில்லிக் கட்டுப்பாட்டாளருக்குக் கீழே சான்றிதழ் வழங்கும் உரிமையும் அப்போது அதற்கு இருந்தது. அந்த வருஷம் ஜூலை 2-ஆம் தேதி கூகிள் நிறுவனத்தார் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தங்கள் இணைய முகவரிகளுக்கு, தாங்கள் கேட்காமலே, இந்த மையத்தின் பெயரில் சான்றிதழ்கள் பிறந்திருக்கின்றன! தகவல் போன மறுநாளே, 3-ஆம் தேதி, கட்டுப்பாட்டாளர் அந்த மையத்தின் இடைச் சான்றிதழ்களை ரத்துச் செய்தார். சான்றிதழ் வழங்கும் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அறிவிக்கப்பட்டது. நான்கு சான்றிதழ்கள்தான், முதலாவது ஜூன் 25-இல் வழங்கப்பட்டது, மூன்று கூகிளுக்குரியவை, ஒன்று யாஹுவுக்குரியது என்றார்கள். அந்த நான்கில் சேராத சிலவும் தங்களுக்குத் தெரியும் என்று கூகிள் பதில் சொன்னது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சான்றிதழ்கள் போலி அல்ல. நிஜமான சாவியால், நிஜமான அலுவலகத்தின் பெயரில், முறைப்படி கையெழுத்தானவை. எந்த நிபுணர் எந்தப் பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்காது. அந்தக் காலத்துக் கள்ளப் பத்திரக்காரன் பழைய முத்திரைத் தாளுக்கு அலைய வேண்டும். காகிதத்தைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்க வேண்டும். கையெழுத்தைப் பழக வேண்டும். எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும் எங்கேயாவது ஒரு கொம்பு, ஒரு சுழி அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். இந்தக் காலத்துக் கூடலேகையில் அந்தச் சுழியே கிடையாது. ஓலை நிஜம்; எழுதச் சொன்ன ஆள்தான் பொய்.

இதை நான் சொன்னபோது கர்ணத்துக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. டில்லியில் உள்ள ஓர் அலுவலகம் அமெரிக்கக் கம்பெனியின் வீட்டுக்கு எப்படிச் சாசனம் எழுதும்? நியாயமான கேள்வி. உத்திரமேரூர் சார்பதிவாளர் அண்ணா சாலையில் ஒரு கட்டடத்தை யாருக்கோ எழுதி வைத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? எல்லை என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஆனால் சான்றிதழ் உலகத்தில் எல்லை கிடையாது. பட்டியலில் இடம்பெற்ற எவரும் உலகத்தில் எந்த முகவரிக்கும் சான்றிதழ் எழுதலாம். எல்லாக் கணிப்பொறியும் கையைக் கட்டிக்கொண்டு நம்பும். நூறு கதவு உள்ள வீட்டில் தொண்ணூற்றொன்பது கதவுக்கு இரும்புத் தாழ் போட்டாலும் பிரயோஜனமில்லை. அந்த ஜூலையில் கூகிள் செய்த வைத்தியம் கர்ணத்தின் மனத்துக்கு ஒத்த வைத்தியம்: இந்திய வேருக்கு இனி gov.in, nic.in போன்ற ஏழு முகவரிக் குடும்பங்களுக்குள்தான் செல்வாக்கு என்று தன் உலாவியில் எல்லைக்கல் நட்டுவிட்டது.

நம்மவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? மூன்று வருஷம் முன்னதாக ஹாலந்தில் இதைவிடப் பெரிய அநியாயம் நடந்தது. பெவர்வைக் என்ற ஊரில் டிஜிநோட்டார் என்று ஒரு நிறுவனம். நோட்டரிகளின் தொழிலிலிருந்து பிறந்ததாகையால் கௌரவத்துக்குக் குறைவில்லை. சான்றிதழ் எழுதும் கணிப்பொறிகளைப் பலத்த காவலுள்ள அறையில் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த அறைக்கு அலுவலக வலைப்பின்னல் வழியாக ஒரு புறக்கடை வாசல் இருந்தது. எல்லாக் கணிப்பொறிகளும் ஒரே குடும்பத்தில் சேர்க்கப்பட்டு, ஒரே கடவுச்சொல்லுக்குத் திறந்தன. அதுவும் நோஞ்சான் கடவுச்சொல். வெளி வாசலில் இருந்த மென்பொருள்கள் பழையவை. ஒட்டை அடைக்கும் திருத்தங்கள் போடப்படவில்லை. 2011-ஆம் ஆண்டு கோடையில் புகுந்தவன் 531 சான்றிதழ்களை எழுதிக்கொண்டான். நடவடிக்கைப் பதிவேடுகளில் சிலவற்றை அழித்தும்விட்டான்.

ஜூலை 19-ஆம் தேதி நிறுவனத்தாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணில் பட்ட சான்றிதழ்களைச் சத்தமில்லாமல் ரத்துச் செய்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். ஆகஸ்ட் மாத முடிவில் ஈரானில் இருந்த யாரோ ஒருவர், ஜிமெயிலைத் திறக்கும்போது உலாவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று கேட்டதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குள் சுமார் மூன்று லட்சம் இணைப்புகள், அநேகமாக எல்லாம் ஈரானைச் சேர்ந்தவை, அந்தக் கள்ளப் பூட்டை நிஜப் பூட்டென்று நம்பிக் கடந்து போயிருந்தன. ஈரான் போன்ற தேசத்தில் ஒருவருடைய கடிதத்தை அடுத்தவர் படிப்பது என்றால் அதன் பலன் என்ன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 20-ஆம் தேதி டிஜிநோட்டார் திவாலாயிற்று. திருட்டுக் கொடுத்ததற்காக நான் அவர்களை அவ்வளவாகக் கோபிக்க மாட்டேன். திருட்டுப் போனதைச் சொல்லாமல் ஒன்றரை மாதம் உட்கார்ந்திருந்தார்களே, அதை மன்னிக்க முடியவில்லை.

திருடனே இல்லாமலும் சங்கடம் வருவதுண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்பது இணையதளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் தர்ம ஸ்தாபனம். நல்ல காரியம், காசில்லாதவர்களுடைய தளங்களுக்கும் பூட்டுக் கிடைத்தது அதனால்தான். அங்கே சான்றிதழ் எழுதுவது மனிதர்கள் அல்ல. "போல்டர்" என்ற மென்பொருள். பாறாங்கல் என்று அர்த்தம். 2019 ஜூலையில் அந்தக் கல்லில் ஒரு சிறு விரிசல் விழுந்தது. இணைய முகவரிக்குச் சொந்தக்காரர், "எனக்கு இன்னார்தான் சான்றிதழ் எழுதலாம்" என்று ஓர் அறிவிப்பை வாசலில் தொங்கவிடலாம். சான்றிதழ் எழுதுவதற்கு முன், எட்டு மணி நேரத்துக்குள், அந்த அறிவிப்பைப் பார்த்தாக வேண்டும் என்பது விதி. ஒரே விண்ணப்பத்தில் பத்து முகவரிகள் வந்து, பத்தையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தால், போல்டர் என்ன செய்தது? ஒரே முகவரியை எடுத்துப் பத்துத் தடவை பார்த்தது. மற்ற ஒன்பதையும் பார்க்கவே இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது.

கர்ணம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பொய் மஸ்டர் ரோல், தம்பி! ஒரே ஆளைப் பத்துத் தரம் கூப்பிட்டுப் பத்து ஆளுக்குக் கூலி போடறது. மராமத்து வேலையில எத்தனை பாத்திருக்கேன்!"

மராமத்தில் நடந்தது களவு. இங்கே நடந்தது கைப்பிசகு, ஒரு வரியில் வந்த வினை. ஆனாலும் முப்பது லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் சான்றிதழ்கள் சந்தேகத்துக்கு இடமாயின. 2020 பிப்ரவரி 29-ஆம் தேதி கண்டுபிடித்த சில மணி நேரத்தில் விரிசலை அடைத்து, உடனே ஊரறிய அறிவித்துவிட்டார்கள். பதினேழு லட்சத்துக்கு மேல் ரத்தாயின. மிச்சமிருந்த பத்து லட்சத்துக்கு மேற்பட்டவற்றை ஒரே நாளில் ரத்துச் செய்தால் அத்தனை தளங்களுக்குப் போகிறவர்களும் திண்டாடுவார்கள் என்று, விட்டுப் பிடித்தார்கள். விதியைக் கடுமையாகப் பேசுகிறவர்கள் அதைக் குறை கூறினார்கள். பெவர்வைக்கின் மௌனத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எனக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை.

இப்போது நம் கோயில் மண்டபத்துக்குத் திரும்பலாம். 921-ஆம் ஆண்டு விதியில், குடத்திலிருந்து ஓலை எடுப்பதற்கு எவ்வளவு தூரம் மெனக்கெட்டிருக்கிறார்கள் பாருங்கள். சபை முழுவதும், சிறியவர் பெரியவர் அடங்க, கூடியிருக்க வேண்டும். அன்றைக்கு ஊரில் இருக்கிற நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் இருக்க வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் கட்டை எடுத்து, வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்தால் மட்டும் போதாது. அங்கே இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். பிறகுதான் பெயர் எழுதப்படும். இப்படி முப்பது குடும்புக்கும்.

ஐந்து விரலையும் விரித்து! விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்து வைத்த கைகாரன் ஒருவன் அதற்கு முன்பு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஹேஷ்யம். மனிதனுடைய யோக்கியதையை அந்தச் சபை நம்பாமல் இல்லை. அதற்கும் தனியே விதிகள் வைத்தது. ஆனால் ஓலை நல்லதா என்று பிறகு பரிசோதிப்பதைவிட, ஓலை வெளியே வரும் அந்தக் கணத்தை நாலு பேர் பார்க்கும்படி செய்வதில்தான் அதற்கு அக்கறை அதிகம். அந்தக் குடத்தில் எல்லார் பெயரும் விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, இறை கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இல்லாதவர்களுக்கு இடமில்லை. பிரம்மதேய ஊரின் சபை அது. உள்ளே விட்டவர்களுக்குள்ளேயே இவ்வளவு சந்தேகப்பட்டார்கள் என்பதுதான் என்னைக் கவர்கிறது.

டிஜிநோட்டார் திவாலான பிறகு கூகிளைச் சேர்ந்த பென் லாரி முதலான மூவர் ஒரு திட்டம் எழுதினார்கள். 2013-இல் அது அச்சாயிற்று. சான்றிதழ் வெளிப்படைத்தன்மை என்று பெயர். யார் சான்றிதழ் எழுதினாலும், எழுதியதை உலகம் பார்க்கும் ஒரு பொதுப் பேரேட்டில் பதிய வேண்டும். பேரேட்டின் கடைசியில் சேர்க்கலாமே தவிர, நடுவில் செருகவோ எழுதியதை அழிக்கவோ முயன்றால் கணிதம் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பேரேடு போதாது; குறைந்தது இரண்டின் ரசீதாவது வேண்டும். 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு எழுதப்பட்ட எந்தச் சான்றிதழையும், இந்த ரசீது இல்லாவிட்டால் குரோம் உலாவி ஏற்பதில்லை. இதனால் கள்ளன் புகுவது நின்றுவிடாது. ஆனால் அவன் எழுதிக்கொண்ட சான்றிதழ் நம்மை ஏமாற்ற வேண்டுமென்றால் முதலில் அதை அவனே ஊர் நடுவில் உரக்க வாசித்தாக வேண்டும். "நான்குதான்" என்று ஓர் அலுவலகம் சொன்னால் நான்குதானா என்று யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்க்கலாம்.

இந்த மரியாதையெல்லாம் இணையதளங்களுக்கு. கர்ணத்தின் கையில் இருந்த காகிதத்துக்கு? அதன் அடியில் ஓர் எண் இருக்கிறது. அரசாங்கத் தளத்தில் அதைப் போட்டால், கொடுத்தவர்களே "ஆமாம், கொடுத்தோம்" என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். வெளியே தயாரான போலியை அது ஒரு நொடியில் பிடித்துவிடும். உள்ளேயிருந்து, நிஜச் சாவியால் எழுதப்பட்டு வந்ததை எப்படிப் பிடிக்கும்? வருமானச் சான்றிதழ் என்றால் ஒரு பெண்ணின் உதவித்தொகை. பட்டா மாறுதல் என்றால் ஒரு குடும்பத்தின் சோறு. ஏரிக்கரையோரம் அரை ஏக்கர் வைத்திருக்கிறவன் பயிர்க்கடனுக்குப் போகும் அன்றுதான் தன் பெயர் கணினியில் இல்லை என்று அறிவான். ஆகவே எனக்கு ஓர் ஆசை. ஒவ்வொரு அதிகாரியின் சாவியும் இன்றைக்கு எத்தனை கையெழுத்துப் போட்டது, எவற்றில் போட்டது என்ற பட்டியலை மாலையில் அந்த அதிகாரிக்கே வாசித்துக் காட்ட வேண்டும். எண்ணிக்கையையாவது அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். முதலில் திடுக்கிடுகிறவர் அதிகாரியாகவே இருக்கலாம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், உத்திரமேரூர் சபை கணக்கனுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து ஒப்புவிக்க வேண்டும். வேறொரு கணக்கன் புகுந்து அதை முடிக்கக் கூடாது. நம் சட்டமும் அதையேதான் தன் 42-ஆம் பிரிவில் சொல்கிறது: சாவிக்கு உரியவர் அதைத் தம் வசத்தில் ஜாக்கிரதையாக வைத்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காரியமாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த ஊர், என்ன பெயர் என்பதெல்லாம் வேண்டாம். குமாஸ்தா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே இருபது முப்பது டோங்கிள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முதலாளியின் பெயர் எழுதிய சீட்டு. பெயருக்குக் கீழே, மறந்துவிடக் கூடாதென்று, ரகசிய எண்.

"இவர்களெல்லாம் கையெழுத்துப் போட இங்கே வருவார்களா?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கு ஏது சார் நேரம்? நாங்களே போட்டுடுவோம்."

42-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னேன். மிகவும் மரியாதையான மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டு, டப்பாவை மூடி இழுப்பறையில் வைத்தார். பூட்டினார். சாவியை மேஜைமேல் காலண்டருக்குப் பின்னால் வைத்துவிட்டு, எனக்கு டீ சொல்லப் போனார்.